அடுத்த மனையின் வடமேற்கு மூலை

கழிவுநீர் லாரிக்காரனை அவசர அவசரமாகக் கூப்பிடுவார்கள், வந்து நின்றதும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டுக்கும் பழகிவிட்டால் இந்தத் தொழிலில் காலம் தள்ளலாம். விருத்தாசலத்தில் சொந்த வீடு கட்டிப் படாத பாடு படுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. எல்லாம் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம், நெல் வயலை மனையாக்கிய ஒரே தெருவில் நடந்தவை.

ஹாலில் ஓடிய ஹோஸ்

கலியபெருமாள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன்களுக்குக் கல்யாணம் ஆக ஆக, மாடிக்கு மேல் மாடி கட்டிவிட்டார். சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் பூனைகூட நுழையாது. செப்டிக் டேங்க்கோ பின்பக்கம். ஹோஸை ஹால் வழியாகத்தான் இழுத்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். இத்தனை சீக்கிரம் எப்படி நிரம்புகிறது என்று கேட்டேன்.

"வூட்ட மேல மேல கட்டுனோம் தம்பி, டேங்க்கு மட்டும் ஒரு குடும்பத்துக்கு வெட்டுனதுதான்."

கண்ணாடி மாதிரி தண்ணீர்

அந்த டேங்க்குக்கு அடியில் சிமெண்டு கிடையாது. உறை இறக்கியதோடு சரி. உள்ளே போவதில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், மேற்கு வீட்டு ஸ்டெல்லா அக்காவின் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாஸ்துப்படி போர் வடகிழக்கு மூலை, டேங்க் வடமேற்கு மூலை. சிலுவை மாட்டிய வீடும் சாமி படம் மாட்டிய வீடும் இதில் ஒன்றுதான். மனை பெரிதாக இருந்தவரை பாதகமில்லை. துண்டு துண்டாக நறுக்கிய பிறகு ஒருவரின் வடகிழக்கும் அடுத்தவரின் வடமேற்கும் ஒட்டிக்கொண்டன.

ஸ்டெல்லா அக்கா பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவர். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த மகள் ரீட்டா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு அந்தப் போர்த் தண்ணீரைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அக்கா ஒரு டம்ளரில் பிடித்து வந்து காட்டினார்.

"கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க தம்பி, இதுல என்னா இருக்கப்போவுது?"

எங்கே மாற்றுவது

இருந்தாலும் அக்கா மனசு கேட்காமல் கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, கலியபெருமாளிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன். கலியபெருமாள் கோபப்படவில்லை. டேங்க்கைக் காலி செய்து அடியில் சிமெண்டு போட்டால், அது காயும்வரை மூன்று குடும்பமும் எங்கே போகும் என்றார். வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை. மறுமூலையில் அவருடைய போர், முன்பக்கம் முழுக்கப் படிக்கட்டு. அக்கா விடாமல் கேட்கவே, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க டேங்க்கும் உங்களுக்கு மேக்கால வூட்டு போருகிட்டதானம்மா இருக்குது."

தலைப்பிரசவம்

குடிக்க மட்டும்தான் கேன். அரிசி களைய, பாத்திரம் கழுவ, வாய் கொப்பளிக்க எல்லாம் போர்த் தண்ணீர். ஒன்பதாம் மாதம் ரீட்டாவுக்கு மஞ்சள் காமாலை. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்து வந்தாள், குழந்தை பிழைக்கவில்லை. தண்ணீரால் வந்ததுதான் என்று டாக்டர் சொன்னாராம். துக்கம் கேட்கப் போன நான் வாசலிலேயே நின்று அழுதேன்.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்து லாரியோடு வரச் சொன்னார். அவர் டேங்க் நிரம்ப இன்னும் நாள் இருந்தது. அதற்குள் எதற்கு என்று கேட்டேன்.

"மேக்கால வூட்டு மருமவ முழுவாம இருக்குது தம்பி. எங்க டேங்க்க சுத்தமா எடுத்துடுங்க, அடியில சிமெண்டு போடணும். நாங்க மூணு பேருதான், காயிற வரைக்கும் எங்கயாவது போய்க்குறோம்."

அந்தத் தெருவில் இன்று ஒரே ஒரு டேங்க்குக்குத்தான் அடியில் சிமெண்டு இருக்கிறது; மற்றதெல்லாம் வாஸ்துப்படி சரியாகத்தான் இருக்கிறது.