லோரிக்காரரின் இடுப்பில் இரண்டு உலோகம்

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பது என் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் கோமுட்டர் ரயிலில் போய்வருகிறேன். மூட்டு மாற்றியவர்கள், கால் உடைந்து பிளேட் வைத்தவர்கள் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் உடம்புக்குள் ஒரு சின்ன இரும்புக்கடையே வைத்திருப்பார்கள். உலோகம் இருந்தால் படத்தில் அதைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் கிளம்பி, பக்கத்து எலும்பை மறைத்துவிடும். கதிரின் வலுவைக் கூட்டி, அதற்கென்றே உள்ள மென்பொருளை ஓடவிட்டு அந்தக் கீற்றுகளைக் குறைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பெயர் இருந்ததால் தலைக்கனமும் இருந்தது.

அன்றைக்கு வந்தவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல தொப்பை. இடது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு சில வருஷம் சுகமாக நடந்தவருக்கு இப்போது வலி. மூட்டில் பொருத்திய கிண்ணம் போன்ற உலோகப் பகுதி எலும்பை விட்டு ஆடுகிறதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

“அங்கிள், உடம்புல வேற நகை, இரும்பு ஏதாவது இருக்கா?”

“உள்ள வச்சதுதாம்மா. வெளியில ஒண்ணும் இல்ல.”

முதலில் எடுக்கும் மாதிரிப் படத்தில் இடுப்புக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அங்கியின் மடிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

முழுப் படத்தைப் பார்த்தால் அவர் வயிற்றுக்குள் யாரோ மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருந்தது. மூட்டிலிருந்து ஒரு பக்கம் கீற்று, முன்னாலிருந்து இன்னொரு பக்கம் கீற்று. மென்பொருள் எதை அழிப்பது என்று தெரியாமல் நல்ல எலும்பையும் கொஞ்சம் தின்றிருந்தது. உள்ளே போய், “அங்கிள், இடுப்புல என்னமோ இருக்கு” என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தபடி தொப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். அடியில் கனத்த வெள்ளி அரணாக்கொடி, மூன்று செப்புத் தாயத்து.

“இது நகையில சேராதும்மா.”

“கழட்டணும் அங்கிள்.”

“முடியாது. லோரி கவுந்தப்போ என் வீட்டுக்காரி கட்டினது. கழட்டினா அவ மனசு உடைஞ்சிரும்.”

“ஆன்டி வெளியிலதானே இருக்காங்க. கேட்டுட்டு வரேன்.”

“கேக்காத” என்றார். நான் கேட்டேன்.

“அதையா?” என்றார் அந்த அம்மா. “கழட்டுங்கன்னு நான் சொல்லாத நாள் இல்ல. போர்வை எல்லாம் மாட்டிக் கிழியுது லா. கேட்டா, நீ கட்டினதாச்சேன்னு என் வாய அடைச்சிருவாரு.”

கதவருகே வந்து கணவரிடமும் அதையே சொன்னார். லைசென்ஸைப் பறிகொடுத்தவர் போல அவர் முகம் தொங்கிவிட்டது.

சம்மதம் கிடைத்தும் கொடியின் கொக்கி இறுகிப்போய்க் கழலவில்லை. வெட்டலாமா என்று கேட்டதற்கு இரண்டு பேருமே கூடாது என்றார்கள். கீழே இறக்கினால் மூட்டுக்கு மேலேயே வந்து நிற்கும். மேலே ஏற்றுவதுதான் வழி. பக்கத்து அறையிலிருந்து வயிற்று ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லை வாங்கிவந்து தடவினேன். அந்த அம்மா ஒரு பக்கம் தள்ள, நான் மறுபக்கம் தள்ளினேன்.

“மூச்ச உள்ள இழுங்க.”

“இழுத்துட்டேன்.”

“இதுதான் இழுத்ததா?” என்றார் மனைவி.

ஒருவழியாகக் கொடி தொப்பையைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறியது. பிளாஸ்டர் போட்டு ஒட்டி, அந்த அம்மாவை வெளியே அனுப்பி, மறுபடி எடுத்தேன். இந்த முறை மூட்டைச் சுற்றி லேசான புகை மாதிரிதான் கீற்று. கிண்ணத்துக்கு மேலே, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், நகத்தளவு கறுப்பு இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. ஏன் இரண்டு முறை எடுத்தாய் என்று கேட்ட டாக்டரிடம் கோட்டைக் கவனிக்காததைச் சொன்னேன். சின்னதாக ஒரு திட்டு கிடைத்தது. அடுத்த மாதமே லோரிக்காரருக்குக் கிண்ணத்தை மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பரிசோதனைக்கு வந்தவர், தடி இல்லாமல் என் அறைக்கு வெளியே நின்றார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார்.

“வலி இருக்கா அங்கிள்?”

“வலி இல்லம்மா. என் வீட்டுக்காரி தினமும் பிளாட்ட சுத்தி ரெண்டு ரவுண்டு நடக்க வைக்கிறா. அதுக்கு உங்க டாக்டர்கிட்ட ஏதாவது வழி இருக்கான்னு கேட்டுச் சொல்லு.”