அடிக்குறிப்பில் வந்த பூக்கடை

ஒரு வாரியத்தின் சட்டப் பிரிவில் விதிமுறைகளை வரைவது என் வேலை. வரைவது என்று சொன்னாலும், என் நாளின் பெரும்பகுதி பக்கத்தின் அடியில்தான் கழியும். ஒரு புதிய விதி பழைய சட்டம் ஒன்றைக் குறிப்பிட்டால், அந்தச் சட்டம் எந்த ஆண்டினது, அரசிதழில் அதன் எண் என்ன, கடைசியாக எந்தத் திருத்தம் அதைத் தொட்டது என்பதையெல்லாம் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட வேண்டும். வரைவு கைமாறும்போது அடுத்தவர் சரிபார்க்க அது உதவும். விதிமுறை அச்சாகும்போது எங்கள் அடிக்குறிப்புகளை எடுத்துவிடுவோம். வெளியாட்கள் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் நிம்மதியான வேலை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் திடீரென்று ஓர் எண் ஞாபகத்துக்கு வரும். நாற்பத்தொன்று என்று போட்டேனா, பதினான்கு என்று போட்டேனா? அதன் பிறகு எங்கள் நிலையமான சுவா சூ காங் வரும்வரை கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பேன். கூட வரும் என் கணவர் சிரிப்பார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் லா. சட்டம் எங்க ஓடிடப் போகுது?"

ஓடும் என்பதுதானே என் பயம். ஒரு திருத்தம் வரும், ஓர் உட்பிரிவு நகர்ந்து இன்னொன்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பழைய எண்ணை நம்பிப் போனவர் வேறு ஏதோ ஒன்றின் வாசலில் போய் நிற்பார்.

என் கணவரின் தம்பி தேக்கா கடைத்தெருவில் பூக்கடை வைத்திருக்கிறார். கடைக்குள் இரண்டு பேர் திரும்ப இடம் கிடையாது. மாலை கட்டுவது, தொங்கவிடுவது, விற்பது எல்லாம் அஞ்சடியில்தான் நடக்கும். கடைவீடுகளின் முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் நடைபாதையைத்தான் இங்கே அஞ்சடி என்போம். தீபாவளிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்கப் போன நானும் என் கணவரும் வழக்கம்போல் அங்கே நின்றோம். கொழுந்தனார் ஒரு சம்பங்கி மாலையை முடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணி, அஞ்சடியில சாமான் வைக்கிறதுக்குப் புது ரூல் வருதாமே? பக்கத்துக் கடையில பேசிக்கிறாங்க. உங்க ஆபீஸ்தானே?"

"எங்க ஆபீஸ்ல எத்தனையோ வேலை நடக்குது. எல்லாம் எனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. சுவரோரமா எவர்சில்வர்ல நீளமா ஒரு ஸ்டேண்டு செய்யக் குடுக்கலாம்னு இருக்கேன். செஞ்சு வச்சப்புறம் எடுன்னு சொன்னா வம்பு."

அந்த வரைவு முந்தின வெள்ளிக்கிழமைதான் என் மேசைக்கு வந்திருந்தது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்திருந்தேன். நடைபாதை, பொருள்கள், இடையூறு என்ற சொற்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது சரிபார்க்க வேண்டிய எண்கள்தான். கொழுந்தனாரின் கடை தோன்றவே இல்லை. இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், எதிர்க்கடையில் தொங்கிய பிளாஸ்டிக் தோரணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயிலில் ஏறியதும் என் கணவர் கேட்டார். "வருதா?"

"கேக்காதீங்க."

"அப்போ வருது."

"நான் அப்படிச் சொல்லல."

"அவன் வெளியாளா? ஸ்டேண்டு செய்யாதடான்னு மட்டும் சொல்லிட்டா போதும். காரணம்கூடச் சொல்ல வேணாம்."

"காரணம் சொல்லாம சொன்னாலும் சொன்ன மாதிரிதான்."

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

எந்த வரைவானாலும் முதல் பக்கத்தின் முதல் அடிக்குறிப்பிலிருந்து தொடங்குவது என் பழக்கம். அந்தத் திங்கட்கிழமை நான் அப்படிச் செய்யவில்லை. நேராக விலக்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். பழைய விதிமுறையை நீக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவருவது திட்டம். ஏற்கெனவே இருக்கும் விலக்குகள் அப்படியே தொடர வேண்டும் என்று எங்களுக்கு வந்த குறிப்பு தெளிவாகச் சொன்னது. வரைவிலும் விலக்குகள் இருந்தன. அவற்றின் அடியில் பழைய விதிமுறையின் அரசிதழ் எண்ணும் இருந்தது. ஆனால் திருத்தம் எதுவும் குறிக்கப்படவில்லை.

இத்தனை ஆண்டுகள் புழங்கிய ஒரு விதிமுறையை யாரும் தொடாமலா விட்டிருப்பார்கள்? தேடினேன். தொட்டிருந்தார்கள். கடைசித் திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்திருந்தது. வழிபாட்டுக்கான பூ, மாலை விற்கும் கடைகள், நடப்பவர்களுக்கு வழி விட்டு, தங்கள் முன்சுவரை ஒட்டிய பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் வரைவை எழுதியவர் திருத்தத்துக்கு முந்தைய பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறார். பூக்கடைகள் விட்டுப்போய்விட்டன.

அடிக்குறிப்பில் திருத்தத்தின் எண்ணைச் சேர்த்தேன். "இத்திருத்தம் சேர்த்த விலக்கு வரைவில் இல்லை, கவனிக்கவும்" என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் பார்த்தாலும் தவறு தவறுதான். அதைச் சுட்டிக்காட்டத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்த வரி என் வீட்டுக்காக எழுதப்பட்டது போலவே என் கண்ணுக்குத் தெரிந்தது.

பிற்பகலில் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனேன். சீனப் பெண்மணி, என்னைவிட வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். என் கொழுந்தனாருக்குப் பூக்கடை இருப்பதையும், நான் கண்ட பிழையையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, கடையைப் பற்றி நினைத்தது முதலா, பிழையைக் கண்டது முதலா என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் கேட்டார். திங்கட்கிழமை நான் அந்தப் பக்கத்தை முதலில் திறந்தேன். கடைக்காகத் திறந்தேனா, வேலைக்காகத் திறந்தேனா என்று என்னால் சொல்ல முடியவில்லை."

அவர் கோபப்படவில்லை. இதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கோப்பை அன்றே என்னிடமிருந்து எடுத்து, எனக்கு எதிரே உட்காரும் இளைஞரிடம் கொடுத்தார். என் அடிக்குறிப்பு இருக்கட்டுமா என்று கேட்டேன். அதை அந்த இளைஞரே பார்த்துக்கொள்வார், இனி நீங்கள் இதைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம் என்றார் தலைவர்.

அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் கஷ்டம். இளைஞர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் திரையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிடக் கூடாதென்று தண்ணீர் பிடிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். வீட்டில் என் கணவர் நேரடியாகக் கேட்பதை நிறுத்திவிட்டார். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "தம்பி ஸ்டேண்டுக்கு ஆர்டர் குடுத்துட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

விதிமுறை வெளியானபோது நானும் மற்றவர்களைப் போல இணையத்தில்தான் படித்தேன். அலுவலகக் கழிவறையில் நின்றுகொண்டு, கைப்பேசியில். பூக்கடைகளின் விலக்கு இருந்தது. சொற்கள் பழைய திருத்தத்தின் சொற்கள் அல்ல. இன்னும் இறுக்கமாக, சுத்தமாக எழுதியிருந்தார்கள். என் குறிப்பைப் படித்துவிட்டு எழுதினாரா, அதை எடுத்துவிட்டுத் தானாகவே தேடிக் கண்டுபிடித்தாரா? பக்கத்தின் அடியில் எதுவும் இல்லை. இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? இருந்தும் விரலால் கீழே கீழே தள்ளிப் பார்த்தேன்.

அன்று மாலையே கொழுந்தனார் அழைத்தார். "அண்ணி, ரொம்ப நன்றி."

"எதுக்கு?"

"சரி சரி, நான் கேக்கல, நீங்க சொல்லல. ஆனா எனக்குத் தெரியும் லா."

"நான் ஒண்ணும் செய்யல. அந்த வேலையிலேயே நான் இல்ல. கேளுங்க, நெசமா."

"அதான் அண்ணி, அப்படித்தான் சொல்லணும்." அவர் சிரித்தார்.

அடுத்த முறை தேக்காவுக்குப் போனபோது என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. பக்கத்துக் கடையில் பாத்திரம் விற்பவர் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்திராத மனிதர்.

"உக்காருங்கம்மா. பூவுக்கு மட்டும் பாத்துட்டு எங்கள விட்டுட்டீங்களே. குடமும் குத்துவிளக்கும் சாமிக்குத்தானே?"

கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பெருமையாக நின்றிருந்தார். அவர் தவறாக எதையும் செய்ததாக நினைக்கவில்லை. அண்ணியைப் பற்றி நல்லதாகத்தானே சொல்லியிருக்கிறார்.

அவரைக் கடையின் ஓரத்துக்கு அழைத்துப் போனேன். "இப்படிச் சொன்னீங்கன்னா என் வேலை போயிடும். உங்களுக்காக நான் எதையும் மாத்தல. பழைய சட்டத்துலயே பூக்கடைக்கு இடம் இருந்துச்சு. அது விட்டுப்போகாம பாத்தாங்க, அவ்வளவுதான்."

"யாரு பாத்தாங்க?"

நான்தான் என்று சொன்னால் அவர் நினைப்பது சரியாகிவிடும். நான் இல்லை என்றால் அது முழு உண்மை ஆகாது. கூட்டம் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனது. "தெரியல," என்றேன். அவர் முகம் சற்று வாடியது. பிறகு பாத்திரக்கடைக்காரரிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் அதன் பிறகு என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

நடந்ததை என் கணவரிடம் அன்றுதான் முழுவதும் சொன்னேன். பிழையைக் கண்டது, தலைவரிடம் போனது, கோப்பு கைமாறியது எல்லாவற்றையும். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, உன்ன அப்படிப் பாத்திருக்க மாட்டேனே," என்றார். சொல்லியிருக்க முடியாது என்பதும் அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

இளைஞரும் நானும் இப்போதும் எதிரெதிரேதான் உட்கார்ந்திருக்கிறோம். வேலை முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன, என் குறிப்பைப் பார்த்தாரா என்று கேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. சில நாள் மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டும் இறங்குவோம். கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பேன். அவர் சாப்பிட எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். நான் ஏதோ ஒரு கடையின் பெயரைச் சொல்வேன். அதற்குள் கதவு திறந்துவிடும்.