பூஜாவின் வண்டி காட்டிய வழி

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அதுவும் ஏசி போட்ட புது காருக்குள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். இல்லாததை இருப்பதாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தச் சம்பவமே இல்லை.

என் பெயர் சசிகலா. கணவர் மூர்த்தி, அதே ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறார். அவருடைய தம்பி ஹேமந்த். ஹேமந்தின் மனைவி பூஜா, எனக்கு ஓர்ப்படி. பிள்ளைப்பாக்கத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வாசல்தான் தெரியும். போன மாதம் அந்த வாசலில் ஒரு சிவப்பு கார் வந்து நின்றது. அன்றிலிருந்து எனக்குக் குழம்பில் உப்பு சரியாக விழவில்லை.

கார் வாங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மறுநாளே பூஜா வந்து, "அக்கா, எங்க வண்டிலயே நேவிகேஷன் கீது. போனே தேவயில்ல. அதுவே வழி சொல்லிடும்" என்றாள். சொல்லிவிட்டுத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாளே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நாங்களும் கார் வாங்க இருந்தோம். அதே கம்பெனி, அதே வண்டி. அதில் இரண்டு விதம். நேவிகேஷன் இல்லாதது எங்கள் கைக்கு அடக்கம். நேவிகேஷன் உள்ளது வேண்டுமென்றால் மூர்த்தி ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று ஒரு வருஷம் ஓ.டி. பார்க்க வேண்டும். அவரோ போன வருஷம் முழுக்க இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு லைனில் நின்றவர்.

"போன்ல இல்லாத வழியா சசி? ஒரு ஸ்டாண்டு வாங்கி மாட்டிக்கினா முடிஞ்சுது" என்றார்.

"எனக்கு ரோடு தெரியாதுங்க. வண்டியிலயே இருந்தா நல்லது."

"ரோடுக்காகவா கேக்குற? அவ வச்சிகினு கீறான்னு கேக்குற."

இரண்டுமே உண்மை. கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாலும், பத்து வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஏறி உட்கார்ந்ததும் கண் சொக்கிவிடும். ஷிப்ட் பஸ்ஸில் போகிற எல்லோரும் அப்படித்தான். கேட்டில் இறக்கிவிட்டால் உள்ளே போவோம், வாசலில் இறக்கிவிட்டால் வீட்டுக்குப் போவோம். நடுவில் எந்த ரோடு எங்கே திரும்புகிறது என்று கேட்டால் முழிப்போம்.

"கடைசியா சனிக்கிழம புக் பண்ணும்போது சொல்லு. நீ வேணும்னு சொன்னா ஓ.டி. பாத்துக்கறேன்" என்றார் மூர்த்தி. அவர் அப்படிச் சொன்ன பிறகும் எனக்கு மனசு இளகவில்லை. அவ்வளவு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூஜா பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி காரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். திருஷ்டி கழிக்க மூன்று சுற்று போதும். அவள் நிறுத்தாமல் சுற்றினாள். பிறகு தெருமுனை முச்சந்தியில் கொண்டுபோய் உடைத்தாள். என் கண்ணுக்குத்தான் இத்தனை சுற்று என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் கார் சாவி.

"நாளைக்கு எங்க வண்டிய எடுத்துக்கினு போங்கக்கா. ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

எனக்கு ஆச்சரியம். அந்தக் காரில் சாய்ந்து நிற்கக்கூட யாரையும் விடமாட்டாள். பெருமை காட்டத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். சாவியைக் கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மூர்த்தி பர்மிஷன் போட்டுவிட்டு வெளியே வருவார். அவரை அவர் கம்பெனி கேட்டில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போவதாக ஏற்பாடு. நேவிகேஷனை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்று என் போனை அணைத்துக் கைப்பையில் போட்டேன். பையைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினேன்.

முச்சந்தியில் அந்தப் பூசணிக்காய் குங்குமத்தோடு பிளந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் அதன்மேல் யாரும் கால் வைக்க மாட்டார்கள், சக்கரத்தை ஏற்ற மாட்டார்கள். கழித்துப் போட்டது திரும்ப ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அவசரமாகப் போகிற பைக் ஓட்டுகிறவனும் வளைத்துக்கொண்டுதான் போவான்.

நான் வளைக்கவில்லை. அவள் வண்டிதானே, ஒட்டட்டும் என்று நேராக ஏற்றினேன்.

சதக்.

டாஷ்போர்டில் இருந்த திரை தானாக வெளிச்சமானது.

"நேராகச் செல்லவும்" என்றது ஒரு பெண் குரல்.

போகும் இடத்தை நான் இன்னும் சொல்லவே இல்லை. பூஜா ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல குரல். செய்தி வாசிக்கிறவர்களின் குரல் மாதிரி தெளிவாக, மரியாதையாக இருந்தது. நான் வழியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. லாரிக்கு நடுவில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதுவரை சொன்னது. வல்லக்கோட்டை வருவதற்குள் நான் முடிவே செய்துவிட்டேன். மூர்த்தி ஓ.டி. பார்த்தாலும் பரவாயில்லை, இது எனக்கு வேண்டும்.

முருகன் கோயில் பக்கத்தைத் தாண்டியதும், "இடது பக்கம் திரும்பவும்" என்றது. திரும்பினேன்.

அகலமான ரோடு. இரண்டு பக்கமும் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர். ஒரகடத்தில் எல்லா ரோடும் இப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. கன்டெய்னர் லாரி ஒன்றுகூட இல்லை. டீக்கடை இல்லை. கேட்டுகள் இருந்தன. எந்தக் கேட்டிலும் பெயர்ப்பலகை இல்லை, வாட்ச்மேன் இல்லை.

"வலது பக்கம் திரும்பவும்."

திரும்பினேன். அதே மாதிரி சுவர்.

"ரைட்ல திரும்புங்க."

குரல் அதேதான். பேச்சு மாறியிருந்தது. மெஷின் இப்படிப் பேசுமா என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"ரைட்ல திரும்பு."

திரையில் மணி பார்த்தேன். 12.00.

அப்போது டிங்… டிங்… டிங்… என்று ஒரு சத்தம். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வருகிற சத்தம். கைப்பையின் கனம் என்று நினைத்தேன். பையை எடுத்துக் கீழே வைத்தேன்.

டிங்… டிங்… டிங்…

சீட்டில் ஒன்றுமே இல்லை. சத்தம் நிற்கவில்லை.

ஏசி காற்றில் ஈர மண் வாசனை வந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

வண்டியை நிறுத்தப் பார்த்தேன். "நிக்காத. வந்துகினே இரு" என்றது.

டிங்… டிங்… டிங்…

கிளிக்.

சத்தம் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். காலி சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. இறுக்கமாக. உள்ளே யாரோ மூச்சு விடுவது மாதிரி அது மேலே ஏறி… கீழே இறங்கியது.

பிரேக்கை மிதித்தேன். வண்டி சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

ரோடு அங்கே முடிந்திருந்தது. முன்னால் ஏரி. முன் சக்கரம் சேற்றில் இருந்தது. உச்சி வெயிலில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

மணி இன்னும் 12.00.

"வந்தாச்சு" என்றது குரல். இப்போது அது திரையிலிருந்து வரவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து வந்தது.

"எறங்கு, சசி."

என் பெயர்.

கதவு தானாகத் திறந்தது. என் இடது கை மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது.

நான் முருகனைக் கூப்பிடவில்லை. மூர்த்தியைக் கூப்பிடவில்லை. என் வாயில் வந்தது இதுதான்.

"நான் இல்ல… இது பூஜா வண்டி. பூஜாவ எடுத்துக்கோ."

பெல்ட் மேலே ஏறி… அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம்…

பிறகு மிகவும் மெதுவாக, காதுக்குப் பக்கத்தில்:

"சரி. கூட்டிகினு வா."

கிளிக். பெல்ட் கழன்று சுருட்டிக்கொண்டது. திரை அணைந்தது.

எப்படி ரிவர்ஸ் எடுத்தேன், எந்த வழியாக வந்தேன், எதுவும் நினைவில்லை. லாரி ஹாரன் கேட்டபோதுதான் மெயின் ரோட்டில் இருப்பது தெரிந்தது. கேட்டில் மூர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

"சக்கரம்லாம் சேறா கீது. எங்க போன நீ?"

ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஷோரூமில் எழிலரசன் என்ற சேல்ஸ் பையன் வாசலுக்கே வந்தான். "இன்னா சார், நேவிகேஷன் வச்சதா, இல்லாததா?" என்று கேட்டான்.

மூர்த்தி என்னைப் பார்த்தார். "அவளுக்கு ஆசை. வச்சதே போட்டுடு. ஓ.டி. பாத்து அடச்சிடறேன்."

"வேணாங்க. இல்லாததே போதும்" என்றேன்.

மூர்த்தி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"இந்த வண்டில நேவிகேஷன் யூஸ் பண்ணிப் பாத்தேன். எனக்குப் புடிக்கல" என்று சமாளித்தேன்.

எழிலரசன் சிவப்பு காரைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மேடம், இது கீழ் மாடல். இதுல நேவிகேஷனே கெடையாது. பாட்டு கேக்கற திரதான். போன் கனெக்ட் பண்ணாதான் மேப்பு வரும்."

என் போன் கைப்பைக்குள் அணைந்து கிடந்தது.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கப் போனேன். ஹேமந்த் வேலைக்குப் போயிருந்தான். பூஜா மட்டும் இருந்தாள். கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"ஏரிக்குத்தான கூட்டிகினு போச்சுக்கா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நேவிகேஷன்னு பொய் சொன்னேன்க்கா. காசு பத்தல, கீழ் மாடல்தான் எடுத்தோம். நீங்க வேலைக்குப் போறீங்க, சம்பளம் வாங்கறீங்க. நான் வூட்லயே கீறேன். உங்க முன்னாடி ஒரு வாட்டியாச்சும் பெருசா நிக்கணும்னு ஆச. அதான் அப்டி சொல்லிட்டேன்."

என்மேல் இவளுக்குப் பொறாமை. இத்தனை நாளும் எனக்குத் தெரியாது.

"அப்ப பேசுறது யாரு?"

"தெரியலக்கா. போன வாரம் நான் தனியா ஓட்டிகினு போனப்ப பேசிச்சு. ஏரில எறங்க சொல்லிச்சு. கைய புடிச்சி இழுத்துச்சுக்கா. எனக்கு வேற வழி தெரியல. பயத்துல…"

தேம்பினாள். எனக்கு அவள் சொல்லப்போவது புரிந்துவிட்டது.

"பயத்துல உங்க பேர சொல்லிட்டேன். சசிய அனுப்பறேன்னு சொன்னேன். அப்புறந்தான் விட்டுது. அதான் சாவி குடுத்தேன். மன்னிச்சிடுங்கக்கா."

அவள் கன்னத்தில் அறையலாம் என்று கை துடித்தது. ஆனால் எந்த முகத்தோடு அறைவேன்? சாவியை மேஜைமேல் வைத்தேன்.

பூஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நான் உயிரோடு திரும்பி வந்ததில் அவளுக்கு உண்மையாகவே நிம்மதி.

"உங்கள எப்டிக்கா விட்டுது? பதிலுக்கு எதுனா கேட்டுச்சா?"

"இல்ல" என்றேன். "ஒண்ணும் கேக்கல."