சப்பாத்தைக் கழற்றி ஏறும் கார்

ஒஸ்லோவில் எங்கள் மாடிக்குடியிருப்பின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், என் பழைய காருக்குப் பக்கத்தில் மேல்மாடித் தமிழர் ஒருவருடைய புதிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். அவருக்கு வழுக்கைத் தலை. என்னைப் போல அவரும் பஸ் சாரதிதான். சில்லுகளை மாற்றி, தரையோடு ஒட்டுமளவுக்குக் காரைப் பதித்திருந்தார். கோயிலுக்குள் போவதுபோல் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

"இவ்வளவு பதிச்சா பனிக்குள்ளை ஓடேலாதே?" என்றேன் வயிற்றெரிச்சலோடு.

"ஓம் அண்ணை. பனிக்காலத்திலை இதைச் சும்மா நிப்பாட்டிப் பாத்துக்கொண்டிருப்பன்," என்று சிரித்துக் கார்த் திறப்பை நீட்டினார். "ஒருக்கா ஓடிப் பாருங்கோ. சப்பாத்தை மட்டும் கழட்டுங்கோ."

அதை வாங்க என் கை நீண்டுவிட்டது. அப்போதுதான் என் காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப்பார்ப்பது நினைவுக்கு வந்தது. அவசர வேலை என்று சொல்லி நழுவினேன்.

அன்றே புதுக் காலுறைகள் வாங்கினேன். இரண்டு வருடமாக அவற்றோடுதான் கீழே இறங்குகிறேன். ஓடிப் பாருங்கோ என்று அவர் இன்னும் திரும்பச் சொல்லவில்லை.