பிரபஞ்சத்துக்கு ஸ்லைடு மாற்றியவன்

சொற்பொழிவு மண்டபத்தில் ஸ்லைடு மாற்றுவது, ஊரிலுள்ள படித்தவர்களின் பின்மண்டையை மட்டும் பார்க்கிற உத்தியோகம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஓர் அறிவியல் சங்கத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலையானால் யாராவது ஒரு புரொபசர் வந்து நட்சத்திரம், அணு, உயிர், காலம் என்று ஆங்கிலத்தில் பேசுவார். அவர் கோலால் தரையில் ஒரு தட்டு தட்டினால் நான் திரையில் படம் விழவைக்கும் லாந்தர் விளக்கில் அடுத்த கண்ணாடி ஸ்லைடைச் செருகவேண்டும். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்ததால் பாதி புரியும். அடுத்தவர் பேச்சைக் கேட்டே வயிறு வளர்த்தவர்களுக்குத் தெரியும், பாதி புரிவதுதான் பெரிய உபத்திரவம்.

தலைகீழ்

லாந்தரில் ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராகத் தெரியும். தலை எது, கால் எது என்று தெரிய மூலையில் ஒரு வெள்ளைக் காகிதப் பொட்டு ஒட்டியிருக்கும். ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் ஸ்லைடில் பொட்டு உதிர்ந்துபோக, குத்துமதிப்பாக நானே ஒன்று ஒட்டினேன். நாலு வருஷம், ஆறு புரொபசர்கள் அதைக் கோலால் தொட்டுத் தொட்டு மேலே இது, கீழே அது என்று விளக்கினார்கள். ஒருநாள் துடைக்கும்போது எது மேல்பக்கம் என்று காட்டும் பொடி எழுத்து ஓரத்தில் கண்ணில் பட்டது. அத்தனை வருஷமும் வானத்தைத் தலைகீழாகக் காட்டியிருக்கிறேன். சங்கத்தின் செகரெட்டரியிடம் போய்ச் சொன்னேன். அவர் சர்வே இலாகாவில் ஓய்வுபெற்றவர், அவர் சிரித்து யாரும் பார்த்தது கிடையாது.

"யாரும் கண்டுபிடிக்கலல்ல? அப்படியே போடு. இப்ப நேரா போட்டாத்தான் தப்புன்னு நினைப்பாங்க."

காலம் என்பது பொய்

ஒரு தத்துவப் புரொபசர் வந்தார். காலம் என்று ஒன்றே இல்லை, அது நம் மனத்தின் மயக்கம் என்று ஆரம்பித்தார். முதல் ஸ்லைடு ஒரு மணற்கடிகாரம். அதற்குப் பிறகு கோல் தட்டவே இல்லை. அரைமணி தாண்டியது. லாந்தரின் சூட்டில் ஸ்லைடு அதிக நேரம் இருந்தால் வெடித்துவிடும். தட்டாமல் எடுத்தாலோ வேலை போய்விடும். அவர் கோலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டென்று விரிசல் விட்டது. திரையில் மணற்கடிகாரம் இரண்டாகப் பிளந்து நின்றது. புரொபசர் மேடையிலிருந்தே என்னைப் பார்த்தார்.

"வேலை செய்யறவனுக்கு நேரம் பார்க்கத் தெரிய வேண்டாமா?"

ஒரே வம்சம்

மனிதன், குரங்கு, மீன், செடி எல்லாம் ஒரே மூல உயிரிலிருந்து வந்தவை என்று ஒருவர் பேசினார். நன்றாகவே பேசினார், நானே கைதட்டினேன். கூட்டம் முடிந்து பின்பக்கம் டீ குடிக்கப் போனேன். அலமாரியில் இருந்த டம்ளரில் கை வைத்ததும் டீ போடும் எத்திராஜ் தடுத்தான். எனக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் ஜன்னல் கம்பியில் தொங்கும். இப்போதுதான் உள்ளே இப்படிச் சொன்னார்கள் என்றேன். அவனும் கதவோரம் நின்று கேட்டவன்தான்.

"அவரு சொல்லிட்டு ரயிலேறிப் போயிடுவாரு. எனக்கு நாளைக்கும் செகரெட்டரி மூஞ்சியில முழிக்கணும்பா."

அந்தச் சனிக்கிழமை

எங்கள் முதல் குழந்தை பெண். தொம்மலூர் வீட்டில் பிறந்து மூன்று நாள் இருந்தாள். பெயர்கூட வைக்கவில்லை. நாலாம் நாள் சனிக்கிழமை. வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன். அன்றைய தலைப்பு, பூமியில் உயிர் எப்படித் தோன்றியது. கோல் தட்டத் தட்ட கடல், சேறு, புழு, மீன் என்று கை தன் பாட்டுக்குச் செருகியது. உயிர் எப்படி வந்தது என்று ஒரு மணி நேரம் பேசியவர், வந்த உயிர் மூன்றே நாளில் ஏன் போகவேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் என் மனைவி ருக்மணி அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தாள். படித்தவர்கள் வரும் இடத்தில்தானே வேலை பார்க்கிறீர்கள், யாரையாவது கேட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். கூட்டம் கலைந்ததும் மேடைப் பக்கம் போனேன். செகரெட்டரி குறுக்கே வந்து நின்றார்.

"கேள்வி கேக்கறது மெம்பருங்க வேலை. உனக்கும் கேக்கணும்னா, நாளையிலேர்ந்து லாந்தரைத் தொடாதே."

சீட்டு

"இன்னிக்காவது கேட்டீங்களா?" என்பாள் ருக்மணி, ஒவ்வொரு சனிக்கிழமையும். வருஷக்கணக்கில் கேட்டாள்.

அப்புறம் மெம்பர்கள் கேள்வி நேரத்தில் சண்டை போட ஆரம்பித்ததால், கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரவேண்டும், பெயர் வேண்டாம் என்று விதி வந்தது. தட்டில் வாங்கி மேடைக்குக் கொண்டுபோகிறவன் நான். ஒரு சனிக்கிழமை என் சீட்டையும் நடுவில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பென்சிலில்: மூன்று நாள் மட்டும் இருப்பதற்கு ஓர் உயிர் ஏன் வரவேண்டும்?

வந்திருந்தவர் மதராஸ்காரர், பெரிய பெயர். மேசை விளக்கில் அதைப் படித்தார், மறுபடி படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். மற்ற கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது, இதற்கு என்னிடம் பதில் இல்லை, எழுதியவரோடு நான் பேசவேண்டும், யார் அவர் என்றார். கேள்வி நேரத்திலும் ஸ்லைடு கேட்பார்கள் என்பதால் மண்டபம் இருட்டாகத்தான் இருந்தது. லாந்தருக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "எழுந்துட்டியா, நல்லதாப் போச்சு. லைட்டைப் போடுப்பா, அவர் முகம் தெரியட்டும்" என்றார்.

போட்டேன். முதல் வரிசையில் செகரெட்டரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். லைட்டைப் போட மட்டுமே எழுந்தவன் போல ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்தக் கோழைத்தனத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லோரும் எழுதியவரைத் தேடி வாசல் வரை பார்த்தார்கள், என்னைத் தாண்டித்தான் பார்த்தார்கள். புரொபசர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதினவர் போயிட்டார் போலிருக்கு, பாவம். சரி, அடுத்த சீட்டைப் பார்ப்போம்."

பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாதாம். கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கவேண்டியது யார் என்பதில் மட்டும் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.