புருவம் பார்த்துப் போட்ட கணக்கு

கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலைக்குத் தனிப் பொறுமை வேண்டும். விளக்கணைத்த சின்ன அறை, ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் வெளிச்சமிட்ட எழுத்துப் பலகை. வந்தவர் மூக்கின் மேல் கனமான சட்டகத்தை மாட்டி, அதில் லென்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்க வேண்டும். பாதிப் பேர் பரீட்சை எழுத வந்தவர்கள் போலவே விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம். குத்துமதிப்பாக எதையாவது சொல்லிவிட்டு, சரிதானா என்று சோதிப்பவரின் குரலை வைத்து மோப்பம் பிடிப்பார்கள். அதனால் சரியாகப் படித்தாலும் தப்பாகப் படித்தாலும் ஒரே மாதிரி "ம்" போடுவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

ஒன்பது வருஷமாக அந்த "ம்" பிசகாமல் போட்டுவந்தவள்தான் இந்தக் கதைக்கு உரியவள். வயது முப்பத்திரண்டு. நூலக மாடியில் படிக்க வந்த பிள்ளைகள் அவளைக் கண்ணாடியக்கா என்றார்கள். அவள் கண்ணாடி போடுவதில்லை என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

நூலக மாடிக்கு அவள் போய்ச் சேர்ந்ததே ஒரு மூக்குக் கண்ணாடியால்தான். நூலகம் நடத்தும் அம்மாள் கண் சோதிக்க வந்தபோது, சட்டகத்தைக் கழற்றுவதற்குள்ளேயே ஆளைப் பிடித்துவிட்டார். "மாடியில பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேடிக்கிட்டிருக்கோம்மா. செவ்வாயும் வெள்ளியும், அஞ்சுல இருந்து ஏழு. ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளை. சம்பளமெல்லாம் கிடையாது, டீ உண்டு." கண்ணாடியக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, யோசிக்காமல் அடுத்த செவ்வாயே போய் நின்றாள்.

அவளுக்கு வாய்த்த பிள்ளையின் பெயர் பதிவேட்டில் நீளமாக இருந்தது. ஆனால் நெட்டை என்று கூப்பிட்டால்தான் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள். பன்னிரண்டு வயதுக்குப் பதினைந்து வயது உயரம். மேசைக்கு அடியில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் எப்போதும் எதையாவது உதைத்துக்கொண்டிருப்பாள். ஒல்லிக் கழுத்தை நீட்டி எதிரே இருப்பவர் முகத்தை உற்றுப் பார்ப்பாள். கணக்கில் மோசம் என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆனால் மாடிக்கு வந்த இரண்டாவது மாதத்திலேயே கண்ணாடியக்கா கொடுத்த கணக்கில் பத்துக்குப் பத்து போட்டாள். மூன்றாவது மாதமும் அப்படித்தான்.

கண்ணாடியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாய்ப்பாடு சொன்னாள், பின்னம் சொன்னாள், எதைச் சொன்னாலும் பெண் கப்பென்று பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கணக்கைவிடப் பிடித்தது வேறு. நாள் முழுக்க அவள் எதிரே ஆட்கள் வந்து உட்காருகிறார்கள், ஒருவரும் அவளைப் பார்ப்பதில்லை. எல்லோர் பார்வையும் அவள் தோளைத் தாண்டி எழுத்துப் பலகையில் இருக்கும். இங்கே ஒரு பெண் இரண்டு மணி நேரமும் வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுகத்துக்காகவே செவ்வாய்க்கிழமை காலையிலேயே நல்ல புடவையாக எடுத்து வைப்பாள்.

ஆண்டுத் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் ஐம்பதுக்குப் பதினொன்று.

நெட்டையின் அம்மா ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவர். வேலை உடுப்போடு, கை விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்க, மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் வந்திருந்தார்.

"இங்க எல்லாம் சரியாப் போடுறான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா. எல்லாம் சரியாத்தான் போட்டா. நோட்டைப் பாருங்க."

"பார்த்தேன். அப்ப அங்க போனதும் என்னதான் ஆவுது இவளுக்கு? அஞ்சு வாரத்துல மறுபடி ஒரு பரீட்சை வைக்கிறாங்களாம். இருபது எடுத்தா மேல அனுப்புவாங்க. இல்லைன்னா அதே கிளாஸ்தான். ஏற்கெனவே இவ உசரத்துக்குக் கடைசி பெஞ்சு. சின்னதுங்களோட இன்னொரு வருஷம் உட்கார வச்சா இவ போவ மாட்டாம்மா. எங்க அக்கா பொண்ணு இப்படித்தான் நின்னா. இப்ப என்கூட துணி பிழியுறா."

கண்ணாடியக்கா மதிப்பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயத்தில் மறந்திருப்பாள், பதற்றத்தில் விட்டிருப்பாள் என்று ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தாள். சொல்லும்போதே அது சப்பைக்கட்டு என்று அவளுக்கே தெரிந்தது.

அன்றைய வகுப்பில் நெட்டையை நூற்று நாற்பத்து நான்கை ஆறால் வகுக்கச் சொன்னாள். பெண் பென்சிலை எடுத்தாள். அந்நேரம் பார்த்துக் கீழே யாரோ கூப்பிட, கண்ணாடியக்கா எழுந்து போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்தாள். நோட்டில் கேள்விக்குக் கீழே ஒரு கோடு மட்டும் இருந்தது. பெண் பென்சிலைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்து உட்கார்ந்ததும் கிடுகிடுவென்று போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தடவை தலை நிமிர்ந்தது.

கண் சோதிப்பவளுக்கு அப்போதுதான் கண் திறந்தது. எழுத்துப் பலகையைப் படிக்காமல் ஆளைப் படிக்கிறவர்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! விடை இருபத்து நான்கு என்று சரியாக வந்து நின்றபோது, அவள் வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தாள்.

ரப்பர் பறந்து வந்தது. இருபத்து நான்கு அழிந்தது. இருபத்தாறு வந்தது. கண்ணாடியக்கா முகத்தை மாற்றவில்லை. அதுவும் அழிந்து இருபத்திரண்டு ஆயிற்று. பிறகு முப்பத்து நான்கு. தாள் அந்த இடத்தில் கறுத்துக் கிழிந்தது. "நீங்களே சொல்லிடுங்க அக்கா" என்று கேட்டபோது பெண்ணின் குரல் உடைந்திருந்தது. கண்ணாடியக்காவுக்குத் தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல வந்தது.

ஆறு மாதமாக அவள் கணக்குச் சொல்லித் தரவே இல்லை. தன் முகத்தைப் படிக்கச் சொல்லித் தந்திருக்கிறாள்! இருட்டறையில் குரலைக் கட்டத் தெரிந்தவளுக்கு, வெளிச்சத்தில் முகத்தைக் கட்ட வேண்டும் என்று தோன்றாமலே போய்விட்டது.

வீட்டில் சொன்னபோது, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. "இது உனக்கு இப்பதான் தெரியுமா? உன்கூட சீட்டாடி நான் ஒரு தடவையாவது தோத்திருக்கேனா? நல்ல சீட்டு வந்தா இடது புருவம் மேல ஏறும். மோசமான சீட்டுன்னா உதட்டைக் கடிப்ப. என் சீட்டை நான் பார்க்கிறதே இல்லை."

"எட்டு வருஷமா சொல்லாம இருந்தீங்களா?"

"சொன்னா ஜெயிக்க முடியாதே."

அடுத்த வகுப்புக்கு அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெண்ணுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளலாமே என்று நூலக அம்மாள் யோசனை சொன்னார். கண்ணாடியக்காவுக்குத் தன் முகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"இனிமே நான் இப்படித்தான் உட்காருவேன். நீ போட்டு முடிச்சிட்டுச் சொல்லு."

நாற்பது நிமிஷம் பென்சில் சத்தமே கேட்கவில்லை. மேசைக் காலை உதைக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி.

"அக்கா, என்மேல கோபமா?"

"இல்லடா. என்மேலதான் கோபம்."

"அப்ப திரும்புங்க. ஒரே ஒரு தடவை. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

திரும்பாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழி இருக்கிறது, அதைச் சொல்லித் தருகிறேன் என்று சுவரைப் பார்த்தே சொன்னாள். வகுத்து வந்ததைத் திரும்பப் பெருக்கிப் பார். கழித்து வந்ததைத் திரும்பக் கூட்டிப் பார். விடையை எடுத்துக் கேள்விக்குள்ளேயே மறுபடி போடு, பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் தப்பு. என்னைக் கேட்காதே, விடையைக் கேள்.

"விடை பொய் சொன்னா?"

"அது சொல்லாது. இந்த அக்கா மூஞ்சிதான் சொல்லும்."

அன்றைக்கு ஒரு கணக்கும் முடியவில்லை. அடுத்த வகுப்பிலும் ஒன்றுதான் முடிந்தது, அதுவும் தப்பு. இரண்டாம் வாரம் திடீரென்று வேகம் பிறந்தது. பெண் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். நான்கு கணக்கு, ஐந்து கணக்கு, எல்லாம் சரி. கண்ணாடியக்கா உள்ளுக்குள் துள்ளினாள். வழிக்கு வந்துவிட்டாள் என் தங்கம் என்று நினைத்துக்கொண்டே எதிரே இருந்த புத்தக அலமாரியைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலமாரியின் கண்ணாடிக் கதவில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால், நீண்ட கழுத்தோடு, அதையே பார்த்தபடி நெட்டை.

"அடிப்பாவி!"

பெண் கையும் களவுமாகப் பிடிபட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவு மூளையை இதற்குச் செலவழிக்கிறாளே என்று ஆதங்கமும் வந்தது. நாற்காலியை நகர்த்தி, அறையிலேயே ஒன்றுமில்லாத மூலையாகப் பார்த்து, வெள்ளையடித்த சுவருக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்தாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ தண்டனை கொடுத்து உட்கார வைத்ததுபோல இருந்தது. மற்ற பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூலையில் உட்கார்ந்தபின் அவளுக்கு மிச்சமிருந்தது காது மட்டும்தான். பென்சில் ஓடும் சத்தம், நிற்கும் சத்தம், ரப்பர் தேய்க்கும் சத்தம். அழித்து முடித்துத் தாளை ஊதும் சத்தம். மூன்றாம் வாரம் ரப்பர் சத்தம் இன்னும் கூடியது. நான்காம் வாரம் வேறொன்று நடந்தது. ஒரு கணக்கு நின்றது, மறுபடி ஓடியது, பெண் முணுமுணுவென்று பெருக்கிக்கொண்டாள், பிறகு அழிக்காமலே அடுத்ததற்குப் போனாள். முடிந்ததும் அக்காவைக் கூப்பிடவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டுத்தான் கண்ணாடியக்கா திரும்பினாள். எட்டுக் கணக்கில் ஆறு சரி. தப்பான இரண்டின் பக்கத்திலும் தப்பு என்று பெண்ணே சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"ரெண்டும் பொருந்தலை. ஏன்னு தெரியலை. வெள்ளிக்கிழமை சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஒரு மதிப்பெண்ணும் இல்லாத அந்தப் பேச்சைக் கண்ணாடியக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்து நினைத்துப் பூரித்தாள்.

மறுதேர்வு நடந்த நாள் கடையில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒருவருக்கு வலது கண் லென்சை இடது பக்கம் போட்டாள். இன்னொருவர் கடைசி வரிசையைத் தப்பாகப் படித்தபோது "ஐயோ, இல்லை" என்று வாய்விட்டாள். கடை முதலாளி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு நாள் கழித்து, மதியம் போலக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு நெட்டை வந்தாள். பள்ளி உடுப்பு, தோளில் பை, கையில் மடித்த விடைத்தாள். கண்ணாடியக்கா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பிரித்தாள். மேலே சிவப்பு மையில் பதினெட்டு.

இரண்டே இரண்டு குறைவு. வெளுக்கும் பிரிவில் துணி பிழிகிற அந்தப் பெரியம்மா பெண்ணின் நினைவு வந்தது. விடைத்தாளை மறுபடி மடிக்கப் போனாள்.

"கீழ பாருங்க அக்கா."

பதினெட்டுக்குக் கீழே அதே சிவப்பு மையில் இன்னொரு எண் இருந்தது. இருபது. பக்கத்தில் டீச்சரின் கையெழுத்து.

"ஆறாவது கணக்கு. நாற்பத்தெட்டுப் பக்க நோட்டு, மூணுல ரெண்டு பங்கு எழுதியாச்சு, மீதி எத்தனை பக்கம்னு கேள்வி. நான் பதினாறுன்னு போட்டிருந்தேன். டீச்சர் தப்புன்னு அடிச்சுட்டாங்க. அவங்க விடை முப்பத்திரண்டாம். அது எழுதின பக்கம் அக்கா! பதினாறையும் முப்பத்திரண்டையும் கூட்டினா நாற்பத்தெட்டு. பொருந்துதில்ல? போய்ச் சொன்னேன்."

"டீச்சர்கிட்டயா? நீயா?"

"ஆமா. முதல்ல, உட்காருன்னாங்க. நான் உட்காரலை. கேள்வியை மறுபடி படிச்சுப் பாருங்க டீச்சர், மீதிதானே கேட்டிருக்குன்னு சொன்னேன். படிச்சாங்க. அப்புறம் ரெண்டு மார்க் போட்டாங்க."

கண்ணாடியக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. இடது புருவம் உச்சிக்கே ஏறியிருக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டியவளோ விடைத்தாளின் மேல் குனிந்து, ஏழாவது கணக்கில் எங்கே சறுக்கினோம் என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பேர் முன்னாடி நின்னு சொன்னியே, டீச்சர் முறைக்கலையா? அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

நெட்டை தாளிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள்.

"தெரியலை அக்கா. நான் கணக்கைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."