ஹாஜியாரின் சலாமும் ஐந்து விநாடியும்

கிணற்று மோட்டார் மூச்சை நிறுத்திவிட்டதென்று, கல்முனையில் நான் முன்பு வேலை பார்த்த கடைக்கே போன வாரம் போன் எடுத்தேன். விற்பனைக்கு ஒன்று, திருத்த வேலைக்கு இரண்டு என்றது கொழும்புத் தமிழில் ஒரு பெண் குரல். நான் எதையும் அழுத்தவில்லை. பழக்கதோஷம். பேசாமல் இருந்தால் பிலோமினா அக்கா எடுப்பார் என்று இந்த விரல் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. லைன் வெட்டுப்பட்டது.

தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திரச் சாமானும் விற்கிற கடை அது. வாசலில் கிறீஸ் மணக்கும், உள்ளே அக்காவின் மேசையில் தைலம் மணக்கும். வருகிற போனெல்லாம் முதலில் அவரிடம்தான். வீரமுனைக்காரர் தொண்டையைச் செருமினாலே பெயரைச் சொல்லிவிடுவார். யாரை முதலாளி ஹாஜியாரிடம் அனுப்புவது, யாரிடம் "ஹாஜியார் தொழப் போயிட்டார்" என்பது, எல்லாம் அவர் தீர்ப்பு. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற அந்த மனுசி கொடுத்த கணக்குப்படி எங்கள் ஹாஜியார் ஒரு நாளைக்கு ஐந்துக்குப் பதில் ஒன்பது வக்த்து தொழுதார். நிந்தவூரில் எனக்குப் பேசிவைத்திருந்த பெண் எடுத்தால், "தம்பி, கம்பெனிக் கோல்!" என்று கடையே கேட்கச் சொல்லி என் மேசைக்குத் தள்ளிவிடுவதும் அவர்தான். அந்தக் கம்பெனிதான் இப்போது என் வீட்டை நடத்துகிறது.

ஒருநாள் ஹாஜியார் கொழும்பிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். தானே போனை எடுத்து, தானே பிரித்து அனுப்பும் பெட்டி.

"இனி மெசின் பாத்துக்கொள்ளும் மனே. பிலோமினாவ மாசக் கடைசியோட அனுப்புவம்."

அக்காவுக்குக் கேட்டிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாளாகப் படிப்பித்துக்கொண்டிருந்தவர். ரிசீவரைத் துணியால் துடைத்து வைத்தார்.

பெட்டியைச் சுவரில் பூட்டிய டெக்னீஷியன் ஆங்கிலப் புத்தகமொன்றைத் தந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். கடையில் ஆங்கிலம் தெரிந்தவன் என்று பெயரெடுத்திருந்தவன் நான். பெயர் மட்டும்தான். அகராதியும் கையுமாக மூன்று நாள் இருந்து ஒன்றுக்கு விற்பனை, இரண்டுக்குத் திருத்தம், மூன்றுக்குச் சாமான் என்று அமைத்தேன். வரவேற்புக்குத் தன் குரல்தான் வேண்டும் என்றார் ஹாஜியார். "சலாம் இல்லாமக் கதையத் தொடங்கலாமா?" ஏழு தரம் பதிந்தோம். ஏழாவதில் இருமல் குறைவு.

எங்கள் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் விடுவார்களா? அதுவும் ஹாஜியாரே எடுத்துச் சலாம் சொல்கிறார்! முழுப் பதிலும் சொல்லி, சுகம் விசாரித்து, வீட்டில் எல்லோரையும் கேட்டு, வாய்க்காலில் தண்ணீர் வராத கதையையும் தொடங்குவார்கள். பெட்டி தன் பாடத்தை ஒப்புவித்துவிட்டு, இலக்கம் வருகிறதா என்று ஐந்து விநாடி பார்க்கும். பிறகு வெட்டிவிடும்.

மூன்றாம் நாள் சவளக்கடையிலிருந்து ஒரு போடியார் நேரிலேயே வந்துவிட்டார். ஏக்கர் கணக்கில் வயல் செய்கிறவர், பழைய வாடிக்கை.

"ஹாஜியார், நான் சலாத்துக்குப் பதில் சொல்லி முடியல்ல, நீங்க போன வைக்கீங்க. என்ன குத்தம் செஞ்சன் நான்?"

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற இடத்தில் இதுதான் கதை. "ஹாஜியாருக்குப் பெருமை வந்திட்டு. மனிசன் மாறிட்டார்." திரும்பி வந்தவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"என்னத்தடா செஞ்சி வெச்சிரிக்காய்?"

"ரெண்டு வழிதான் இரிக்கி ஹாஜியார். சலாத்த எடுக்கணும். இல்லாட்டி, ஒண்டும் அழுத்தாத ஆக்கள் பிலோமினா அக்காட்டப் போகணும்."

"சலாத்த எடுக்கிறதா? அஸ்தஃபிருல்லாஹ்! பிலோமினா இரிக்கட்டும்."

மூன்றாவது வழியும் இருந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தில், ஐந்து விநாடியை முப்பதாக்குவது எப்படி என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். நான் புத்தகத்தை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். அதன் பிறகு கடைசிவரை ஒருத்தரும் ஓர் இலக்கத்தையும் அழுத்தவில்லை. பெட்டி சலாம் சொல்லும், அக்கா வேலை பார்ப்பார்.

பிள்ளைகள் இருவரும் உத்தியோகத்துக்குப் போன பிறகு அக்கா தானாகவே ஓய்வெடுத்தார். கேக் வெட்டிய அன்று, புகழ்வார் என்ற ஆசையில் இரகசியத்தைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அந்தப் புத்தகத்த உனக்கு முதல் நான் வாசிச்சிட்டன். நீ எப்ப முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு வருவாய் எண்டு பயந்துகொண்டு இருந்தன்."

சிரித்தபடிதான் சொன்னார். கண் கலங்கியது எனக்குத்தான்.

ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். கடை இப்போது மகனிடம். அக்கா மூத்த மகளோடு வெளிநாட்டில். நேற்று மறுபடி எடுத்து, ஒழுங்காக இரண்டை அழுத்தினேன். உடனே ஒரு பையன் எடுத்தான். ஊர் கேட்டான், மோட்டாரின் வகை கேட்டான், நாளைக்கு ஆள் வரும் என்றான். கெட்டிக்காரன், குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் சலாம் சொல்லி, "சுகமா இரிக்கீங்களா மகன்?" என்று தொடங்கினேன்.

வைத்துவிட்டான். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.